யானைக்குப் பட்டம், ஆளுக்குக் காவல்

போன இதழில் ஜப்பானைப் பற்றி நான் எழுதிய நாலு வரிப் பதிலுக்கு இவ்வளவு துணைக்கேள்விகள் வரும் என்று நினைக்கவில்லை. ஆசிரியர் கடிதக் கட்டைத் தூக்கி மேஜையில் போட்டு, "நீங்களே இழுத்துக்கொண்ட வினை" என்றார். ஆகவே இந்த முறை சினிமா, கூட்டணி, தங்கம் விலை எதற்கும் இடமில்லை. வெளிநாட்டுச் சரக்கும் வெளிநாட்டு ஆளும் வாசலில் வந்து நின்றால் ஜப்பான் என்ன செய்தது, என்ன செய்கிறது என்பது மட்டும்தான்.

கே: இருநூறு வருஷத்துக்கு மேல் கதவை இழுத்துச் சாத்திக்கொண்ட நாடு ஜப்பான் என்று முப்பது வருஷம் வகுப்பில் சொல்லிக்கொடுத்தேன். சரிதானே?
— ஓய்வு பெற்ற வரலாற்று ஆசிரியர், தென்காசி

ப: முக்கால் சரி, சார். பெரிய கதவைச் சாத்திவிட்டு நாலு திட்டிவாசல்களைத் திறந்தே வைத்திருந்தார்கள். வடக்கே மத்சுமாயே வழியாக ஐனு மக்கள், சுஷிமா தீவு வழியாகக் கொரியா, சத்சுமா வழியாக ரியூக்யூ தீவுகள், நாகசாகியில் சீனர்களும் டச்சுக்காரர்களும்.

இதில் டச்சுக்காரர்கள் பாடுதான் வேடிக்கை. நாகசாகித் துறைமுகத்தில் கடலைத் தூர்த்து விசிறி வடிவில் ஒரு செயற்கைத் தீவு. பெயர் தெஜிமா. நீளம் சுமார் 120 மீட்டர், அகலம் 75. 1641 முதல் 1850-கள் வரை ஐரோப்பாவுக்கு ஜப்பானில் இருந்த ஒரே முகவரி அது. கரைக்கு ஒரே பாலம், பாலத்தில் காவல். பெண்களில் தாசிகளைத் தவிர யாருக்கும் அனுமதியில்லை என்று வாசலில் பலகை. சர்க்கரை, துணி, மூக்குக்கண்ணாடி, கடிகாரம், புத்தகம் எல்லாம் அந்தப் பாலத்தைத் தாண்டி ஊருக்குள் போயின. கொண்டுவந்தவன் தாண்ட வேண்டுமானால் உத்தரவு வாங்க வேண்டும். சரக்குக்கு ஒரு சட்டம், ஆளுக்கு ஒரு சட்டம். ஜப்பானைப் பற்றி நான் இனி சொல்லப்போகிற முக்கால்வாசிப் பதில்களுக்கு இதுதான் வேர்.

கே: எங்கள் கடற்கரையில் ஞானஸ்நானம் கொடுத்த சவேரியார் ஜப்பானுக்கும் போனாராமே? அங்கே அவருக்கு வரவேற்பு எப்படி?
— வாசகி, தூத்துக்குடி

ப: ஆரம்பத்தில் அமர்க்களம். 1542-ல் கோவாவுக்கு வந்து, முத்துக்குளித்துறை ஊர்களில் தமிழ் ஜெபங்களை மனப்பாடம் செய்து ஒப்பித்தாரே, அதே பிரான்சிஸ் சவேரியார்தான் 1549 ஆகஸ்ட் 15 அன்று ககோஷிமாவில் இறங்கினார். கூட்டிக்கொண்டு போனவர் அஞ்சிரோ. கொலைப்பழிக்குத் தப்பி மலாக்காவுக்கு ஓடிவந்து சவேரியாரைச் சந்தித்த ஜப்பானியர். இந்தியாவிலிருந்து வந்த சாமியார் என்றதும், புத்தர் பிறந்த தேசத்திலிருந்து வந்த ஏதோ புது பௌத்தப் பிரிவு என்றே பலர் நினைத்துக்கொண்டார்கள். சிற்றரசர்களுக்கு வேறு கணக்கு: பாதிரியார் எந்தத் துறைமுகத்தில் இருக்கிறாரோ அங்கேதான் போர்ச்சுகீசியக் கப்பலும் வரும், கப்பலில் துப்பாக்கியும் வரும்.

துப்பாக்கியைச் சொன்னால், அது அவருக்கு ஆறு வருஷம் முன்னாலேயே வந்துவிட்டது. 1543-ல் தனேகாஷிமா தீவுக்கு ஒதுங்கிய போர்ச்சுகீசியரிடம் அந்தத் தீவின் இளம் தலைவர் இரண்டு துப்பாக்கி வாங்கினார். உள்ளூர்க் கொல்லர்கள் பிரித்துப் பார்த்தார்கள். 1575-ல் நாகஷினோ போர்க்களத்தில் போர்த்தலைவர் ஓடா நொபுநாகா துப்பாக்கிப் படையை வரிசையாக நிறுத்தி ஒரு குதிரைப் படையையே அழித்துவிட்டார். துப்பாக்கிக்கு யாரும் எந்த ஊர் என்று கேட்கவில்லை.

மதத்துக்குக் கேட்டார்கள். 1587-ல் அப்போது நாட்டை ஆண்ட ஹிதேயோஷி பாதிரியார்களை வெளியேறச் சொன்னார். 1597-ல் நாகசாகியில் 26 பேரைச் சிலுவையில் அறைந்தார்கள். 1614-ல் நாடு முழுக்கத் தடை. 1637-38-ல் கிறிஸ்தவர்கள் கிளப்பிய ஷிமபாரா கலகத்தை நசுக்கியதும் போர்ச்சுகீசியர் கதை முடிந்தது. அந்தக் கலகக்காரர்கள் பதுங்கிய கோட்டையின்மேல் ஒரு டச்சுக் கப்பலும் குண்டு போட்டுக் கொடுத்தது. கிறிஸ்தவர்கள் மேல் கிறிஸ்தவர்களே. வியாபாரம் மட்டும் போதும், பிரசங்கம் வேண்டாம் என்று டச்சுக்காரர்கள் காட்டிக்கொண்டதால்தான் அவர்களுக்குத் தெஜிமா கிடைத்தது.

நாகசாகியில் வருஷா வருஷம் ஏசு, மரியாள் உருவம் பதித்த பலகையை மிதித்துக் காட்டச் சொல்வார்கள். தயங்கியவன் மாட்டினான். அப்படியும் 1865-ல் பிரெஞ்சுப் பாதிரியார் ஒருவர் நாகசாகியில் புதிதாய்க் கட்டிய ஓவுரா தேவாலயத்துக்குள் உரகாமி கிராமத்து ஆட்கள் சிலர் மெல்ல நுழைந்து, நாங்களும் உங்கள் கூட்டம்தான் என்றார்கள். பாதிரியார் இல்லாமல், பைபிள் இல்லாமல், கன்னோன் என்ற பௌத்தத் தேவி சிலையை மாதாவாக வைத்துக்கொண்டு, ஏழெட்டுத் தலைமுறை கும்பிட்டு வந்தவர்கள். வெளிப்பட்டதற்குப் பரிசாக, அந்த ஊரில் மூவாயிரத்துக்கு மேற்பட்டவர்களை அரசு நாடு முழுக்கப் பிரித்து நாடு கடத்தியது. தடை நீங்கியது 1873-ல்தான், அதுவும் மேல்நாட்டார் நெருக்கியதால்.

கே: அங்கிள், ஜப்பானில் யானை உண்டா?
— ஆறாம் வகுப்பு மாணவன், திருவானைக்காவல்

ப: உன் ஊரிலிருந்து இந்தக் கேள்வி வராவிட்டால்தான் ஆச்சரியம், தம்பி. காட்டில் கிடையாது. 1728-ல், பேரரசர் பெயரில் நாட்டை ஆண்ட ஷோகன் யோஷிமுனே ஆசைப்பட்டார் என்று வியட்நாமிலிருந்து இரண்டு யானைகளை நாகசாகிக்குக் கப்பலில் கொண்டுவந்தார்கள். பெண் யானை அங்கேயே இறந்துபோனது. ஆண் யானை மறு வருஷம் எடோவுக்கு, அதாவது இன்றைய டோக்கியோவுக்கு, நடந்தே போனது. வழியில் கியோட்டோவில் பேரரசர் பார்க்க விரும்பினார். பதவி இல்லாத யாரும் பேரரசர் முன்னால் நிற்கக் கூடாது என்பது அரண்மனை முறை. அதனால் யானைக்கு அரசவையில் நாலாம் நிலைப் பட்டம் கொடுத்து உள்ளே விட்டார்கள் என்று சொல்வார்கள்.

இதையும் கேள்: தெஜிமாவிலிருந்து டச்சுத் தலைவர் வருஷா வருஷம் எடோவுக்குக் கப்பம் கட்டப் போக வேண்டும், ஷோகன் முன்னால் தவழ்ந்து வந்து கும்பிட வேண்டும். 1691-லும் 1692-லும் அவர்கள் கூடப் போன ஜெர்மன் டாக்டர் எங்கல்பெர்ட் கெம்பரை, திரைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த ஷோகன் நட, குதி, ஆடு, பாடு, குடிகாரன் மாதிரி தள்ளாடிக் காட்டு என்று படுத்தி எடுத்துவிட்டார். டாக்டரும் ஆடிப் பாடினார். எல்லாவற்றையும் குறித்துவைத்துக்கொண்டு ஊருக்குப் போய், ஐரோப்பா ரொம்ப நாள் நம்பிப் படித்த ஜப்பான் வரலாற்றை எழுதினார்.

கே: மயிலாப்பூருக்கும் ஜப்பானுக்கும் ஏதாவது முடிச்சுப் போட முடியுமா உம்மால்?
— சவால் விடும் வாசகர், மயிலாப்பூர்

ப: முடிச்சு என்ன, துணியே இருக்கிறது. சாந்தோம். போர்ச்சுகீசியர் வைத்த அந்தப் பெயரால்தான் சோழமண்டலக் கரையிலிருந்து போன கோடு போட்ட பருத்தித் துணியை ஜப்பானியர் 'சாந்தோமே' என்றார்கள். எடோ நகரத்து வியாபாரிகள் பட்டு உடுத்தக் கூடாது, பகட்டு காட்டக் கூடாது என்று அவ்வப்போது சட்டம் வரும். அப்போது பளிச்சென்று தெரியாத இந்த மெல்லிய கோட்டுத் துணிதான் கைகொடுத்தது. எட்ட நின்றால் சாதாரணம், கிட்டே வந்தால் இறக்குமதி. பின்னாளில் ஜப்பானிய நெசவாளர்கள் தாங்களே அதை நெய்யத் தொடங்கினார்கள். டோக்கியோ பக்கத்துக் கவாகோயே ஊரில் அந்தக் கோட்டுத் துணிக்கு இன்றும் பெயர் உண்டு. பந்தயப் பணத்தை ஆசிரியர் முகவரிக்கு அனுப்பவும்.

கே: வெளிநாட்டு அறிவை எடுத்துக்கொள்வது அடிமைப் புத்தி என்று என் சித்தப்பா சொல்கிறார். என்ன பதில் சொல்ல?
— மருத்துவக் கல்லூரி மாணவி, மதுரை

ப: சித்தப்பாவிடம் 1771-ம் வருஷத்துக் கதை ஒன்றைச் சொல்லுங்கள் அம்மா. எடோவின் கொசுகப்பாரா கொலைக்களத்தில் மரண தண்டனை பெற்ற ஒரு பெண்ணின் உடலை அறுக்கப்போகிறார்கள். சுகிதா கென்பாகு, மாயேனோ ரியோதாகு என்ற இரண்டு டாக்டர்கள் பார்க்கப் போனார்கள். மாயேனோ தன் பையிலிருந்து ஒரு டச்சு உடற்கூறு நூலை எடுத்தார். பார்த்தால், சுகிதாவிடமும் அதே நூல். தீண்டத்தகாதவராக ஒதுக்கிவைக்கப்பட்ட சாதியைச் சேர்ந்த தொண்ணூறு வயதுப் பெரியவர்தான் அறுத்துக் காட்டினார். அறுக்க அறுக்க நுரையீரல், ஈரல், குடல் ஒவ்வொன்றும் டச்சுப் படத்தில் உள்ளபடியே இருந்தன. காலங்காலமாகப் படித்த சீன நூல்களில் இருந்தபடி இல்லை.

இதற்கு முன்னால் அரசாங்க வைத்தியர்கள் சிலர் ஏழெட்டுத் தடவை அறுவையைப் பார்த்தவர்கள். நூலும் உடலும் ஒத்துவராதபோது அவர்களுக்கு வந்த சந்தேகம் என்ன தெரியுமா? சீனருக்கும் நமக்கும் உள்ளே வேறு வேறு மாதிரி இருக்குமோ என்று! நூலைச் சந்தேகிப்பதைவிட வயிற்றைச் சந்தேகிப்பது சுலபம்.

திரும்பி வருகிற வழியிலேயே, இந்த டச்சு நூலை மொழிபெயர்ப்பது என்று முடிவு. சுகிதாவுக்கு டச்சு அரிச்சுவடி கூடத் தெரியாது. மாயேனோவுக்குச் சில நூறு சொற்கள் தெரியும். அகராதி என்று சொல்லத்தக்கது எதுவும் இல்லை. கண்ணுக்கு மேலே முளைத்த முடிதான் புருவம் என்கிற அளவுக்கு ஒரு வரி. அதைப் புரிந்துகொள்ள நீண்ட வசந்த காலப் பகல் ஒன்று முழுசாகப் போனது என்று சுகிதா கிழவரான பிறகு எழுதிவைத்தார். 1774-ல் நூல் வெளிவந்தது. கூட்டத்திலேயே டச்சு அதிகம் தெரிந்த மாயேனோவின் பெயர் அதில் இல்லை. மொழிபெயர்ப்பு இன்னும் திருத்தமாகவில்லை என்று அவரே வேண்டாம் என்றுவிட்டாராம். இப்படி ஒரு அடிமைப் புத்தி நம் மொழிபெயர்ப்பாளர்கள் சிலருக்கு வாய்த்தால் தேவலை.

கே: இரண்டு வருஷம் ஜெர்மன் படித்தேன். இப்போது கம்பெனி பிரெஞ்சு தெரிந்த ஆள் வேண்டும் என்கிறது. நொந்துபோயிருக்கிறேன்.
— மென்பொருள் இளைஞர், கோவை

ப: புகுசாவா யுகிச்சி உயிரைக் கொடுத்து டச்சு படித்தார். 1859-ல் வெளிநாட்டாருக்குத் திறந்துவிட்ட யோகோஹாமாவுக்குப் போய், கற்றதைக் காட்டலாம் என்று பார்த்தால், கடைப் பலகை ஒன்றுகூடப் படிக்க வரவில்லை. எல்லாம் இங்கிலீஷ். நொந்துகொண்டே வீடு திரும்பி, மறுநாள் முதல் அடிப்படையிலிருந்து இங்கிலீஷ் படிக்கத் தொடங்கினார். 1984 முதல் 2024 வரை பத்தாயிரம் யென் நோட்டில் இருந்த முகம் அவருடையது. பிரெஞ்சு வகுப்பு எப்போது சேருகிறீர்கள்?

கே: 'அந்நியனை விரட்டு' என்று கத்துகிறவர்களை எப்படிப் புரிந்துகொள்வது?
— கல்லூரி மாணவர், திருச்சி

ப: கொஞ்ச நாள் பொறுத்து, அவர்களுக்கு என்ன பதவி கிடைக்கிறது என்று பார்த்துப் புரிந்துகொள்ளலாம். 1853-ல் அமெரிக்கக் கடற்படைத் தளபதி பெரி நாலு கறுப்புக் கப்பல்களோடு வந்து மிரட்டிய பிறகு ஜப்பானில் பேரரசரைப் போற்று, காட்டுமிராண்டியை விரட்டு என்ற கோஷம் கொழுந்துவிட்டது. 1863 ஜனவரியில் சோஷு சமஸ்தானத்து இளம் சாமுராய்கள் சிலர் எடோவில் கட்டிக்கொண்டிருந்த பிரிட்டிஷ் தூதரகத்துக்குத் தீ வைத்தார்கள். அந்தக் கூட்டத்தில் இட்டோ ஹிரோபுமி, இனோவே கவோரு என்று இரண்டு பேர்.

சில மாதம் கழித்து அதே இருவரும் இன்னும் மூன்று பேரோடு, ஒரு பிரிட்டிஷ் கம்பெனியின் உதவியால், லண்டனுக்குத் திருட்டுத்தனமாகக் கப்பல் ஏறினார்கள். வெளிநாடு போனால் மரண தண்டனை என்பது அப்போதைய சட்டம். எதற்காக வருகிறீர்கள் என்று கேட்டதற்கு, கடற்படையைப் படிக்க என்று சொல்ல நினைத்த இனோவே, தெரிந்த ஒரே இங்கிலீஷ் சொல்லில் 'கப்பலோட்ட' என்று சொல்லிவிட்டார். மாலுமி வேலை கற்க வந்த பையன்கள்போலும் என்று கேப்டன் தளம் கழுவவும் பாய் இழுக்கவும் விட்டுவிட்டார். வயிற்றுப்போக்கால் அவதிப்பட்ட இட்டோ கப்பல் ஓரத்தில் தொங்கிக்கொண்டு காரியத்தை முடிக்க, கடலில் விழாதபடி இனோவே அவரைக் கயிற்றால் கட்டிப் பிடித்துக்கொள்வாராம். தூதரகத்தைக் கொளுத்திய கைதான்.

இட்டோ 1885-ல் ஜப்பானின் முதல் பிரதமர். இனோவே வெளியுறவு அமைச்சராகி 1883-ல் டோக்கியோவில் ரொகுமெய்கான் என்ற நடன மாளிகையைக் கட்டினார். வரைந்தவர் ஜோசையா காண்டர் என்ற ஆங்கிலேயர். அமைச்சர்களின் மனைவிமார் இடுப்பை இறுக்கிய கவுன் போட்டு வால்ட்ஸ் ஆடினார்கள். பார்த்துவிட்டுப் போன பிரெஞ்சு எழுத்தாளர் பியேர் லோத்தி, பிரான்சில் ஏதோ ஒரு சின்ன ஊர் சூதாட்ட விடுதி மாதிரி இருக்கிறது என்று எழுதினார். இன்னொரு பிரெஞ்சுக்காரரான பிகோ, மேல்நாட்டு உடையில் ஒரு தம்பதி கண்ணாடி பார்ப்பதாகவும் கண்ணாடிக்குள் இரண்டு குரங்குகள் தெரிவதாகவும் படம் போட்டார்.

ஆட்டம் சும்மா இல்லை. ஜப்பானில் குற்றம் செய்த வெள்ளைக்காரனை ஜப்பான் நீதிமன்றம் விசாரிக்க முடியாது என்று ஒப்பந்தங்கள் இருந்தன. நாங்களும் நாகரிகமானவர்கள்தான் என்று காட்டி அதைத் திருத்த வைப்பது இனோவேயின் திட்டம். நடனம் பலிக்கவில்லை, 1887-ல் அவர் பதவி விலகினார். புதுச் சட்டங்களும் புதுப் படையும் கையில் இருந்தபோது, 1894-ல் பிரிட்டன் கையெழுத்துப் போட்டது.

கே: ரயிலை முதலில் பார்த்தபோது பயந்து ஓடினார்களா?
— ரயில்வே ஊழியர், ஈரோடு

ப: கூரைமேல் ஏறிக்கொண்டார்கள். 1854-ல் பெரி பரிசாகக் கொண்டுவந்த கால் பங்கு அளவு ரயிலை யோகோஹாமாவில் வட்டமாக ஓட விட்டார்கள். பெட்டிக்குள் ஆள் நுழைய இடமில்லை. ஒரு அதிகாரி கூரைமேல் உட்கார்ந்து, அங்கி காற்றில் பறக்கச் சுற்றி வந்தார். நாகசாகியில் ரஷ்யக் கப்பல் ஒன்றில் மாதிரி எஞ்ஜினைப் பார்த்திருந்த சாகா சமஸ்தானத்தார் 1855-லேயே ஒரு மாதிரி நீராவி எஞ்ஜினைச் செய்து ஓட்டிவிட்டார்கள். அதில் கை வைத்த தனாகா ஹிசாஷிகேயின் பட்டறைதான் பின்னால் தோஷிபாவாக வளர்ந்தது.

கே: வெளிநாட்டுப் பழக்கம் ஒன்றை அரசாங்கம் ஏற்றுக்கொள்ள மிகச் சரியான காரணம் எது?
— அரசு ஊழியர், விழுப்புரம்

ப: சம்பள பாக்கி. ஜப்பானின் பழைய சந்திரக் காலண்டர்படி 1873-ல் அதிக மாதம் ஒன்று வரும், பதின்மூன்று சம்பளம் கொடுக்க வேண்டும். கஜானாவில் காசில்லை. ஒரு மாதம்கூட அவகாசம் தராமல் மேல்நாட்டுக் காலண்டருக்கு மாறுவதாக அறிவித்துவிட்டார்கள். பன்னிரண்டாம் மாதத்து மூன்றாம் தேதி, 1873 ஜனவரி 1 ஆனது. அதிக மாதமும் ஒழிந்தது. இரண்டே நாள் இருந்த பன்னிரண்டாம் மாதத்துக்கும் சம்பளம் கிடையாது. தயவுசெய்து இதை உங்கள் நிதித்துறை அதிகாரிக்குக் காட்டாதீர்கள்.

கே: ஜப்பான்காரர்கள் தினமும் 'கறி' சாப்பிடுகிறார்களாமே, அது நம் குழம்புதானா?
— மெஸ் நடத்துபவர், திண்டுக்கல்

ப: வம்சம் நம்முடையது, வளர்ப்பு இங்கிலாந்து. இந்தியாவிலிருந்து லண்டனுக்குப் போன மசாலாப் பொடி, அங்கே கோதுமை மாவோடு சேர்ந்து கெட்டியாகி, 1870-களில் ஜப்பானுக்குப் போனது. அதனால் அவர்கள் கணக்கில் கறி என்பது மேல்நாட்டுச் சாப்பாடு! 1872-ல் அச்சான ஒரு சமையல் புத்தகத்தில் தவளை போட்ட கறிக்குச் செய்முறை இருக்கிறது. பிறகு உருளைக்கிழங்கு, கேரட், வெங்காயம் என்று நிலைபெற்றது. சாதத்துக்குப் பக்கத்தில் ஊற்றி, சிவப்பு ஊறுகாய் வைத்து, கரண்டியால் சாப்பிடுவார்கள். கடலில் கிழமை மறக்கக் கூடாது என்று கடற்படைக் கப்பல்களில் வெள்ளிக்கிழமை தவறாமல் கறி.

ராஷ் பிஹாரி போஸ் இங்கேதான் வருகிறார். பிரிட்டிஷ் போலீசுக்குத் தப்பி 1915-ல் ஜப்பானுக்குப் போன புரட்சிக்காரர். டோக்கியோவில் நகமுராயா என்ற ரொட்டிக் கடையை நடத்திய சோமா தம்பதி அவரை ஒளித்துவைத்தார்கள். 1918-ல் அவர்கள் மகள் தொஷிகோவையே கல்யாணம் செய்துகொண்டார், 1923-ல் ஜப்பானியக் குடியுரிமையும் வாங்கினார். ஊரில் கறி என்ற பெயரில் ஓடிய மாவுக் குழம்பைப் பார்த்து அவருக்குப் பொறுக்கவில்லை. எலும்போடு கோழி, மசாலாவை வறுத்துச் செய்த அசல் இந்தியக் கறியை 1927-ல் மாமனார் கடையில் கொண்டுவந்தார். மற்ற கடைகளைவிடப் பல மடங்கு விலை, அப்படியும் கூட்டம். இன்றும் ஷின்ஜுகுவில் அந்தக் கடை இருக்கிறது. ஆனால் ஜப்பான் வீடுகளில் ஜெயித்தது மாவுக் குழம்புதான்.

மாட்டுக்கறி பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். 675-லேயே பேரரசர் தென்மு மாடு உள்ளிட்ட சில விலங்குகளின் இறைச்சிக்குத் தடை போட்டிருந்தார். 1872-ல் பேரரசர் மெய்ஜி மாட்டிறைச்சி சாப்பிட்டதாக அறிவித்ததும், மலைச் சாமியார்கள் சிலர் அரண்மனைக்குள் புகுந்து கலாட்டா செய்ய, காவலர்கள் சிலரைச் சுட்டார்கள். இன்று உலகத்திலேயே விலை கூடிய மாட்டிறைச்சிகளில் ஒன்றை விற்பது யார் என்று உங்களுக்குத் தெரியும்.

கே: வெளிநாட்டுக் கலப்பே இல்லாத அசல் ஜப்பானிய ஓவியம் ஒன்று சொல்லுங்கள்.
— ஓவிய ஆசிரியை, கும்பகோணம்

ப: உலகமே அசல் என்று சொல்வது ஹொகுசாயின் பேரலை, சுமார் 1831. அந்த நீலம் பெர்லினில் கண்டுபிடித்த சாயம்; நாகசாகி வழியாக வந்தது. தூரத்து ஃபுஜி மலை சின்னதாகத் தெரியும்படி வரைந்த முறையும் ஐரோப்பியப் படங்களைப் பார்த்துப் பழகியது. பிறகு அந்தப் படங்கள் பாரிஸ் போய், மோனே, வான் கோ எல்லோரையும் ஆட்டிவைத்தன. 2024-ல் வந்த ஆயிரம் யென் நோட்டின் பின்பக்கத்தில் அந்த அலை இருக்கிறது. அசலுக்கு இதைவிட உத்தரவாதம் கேட்டால் நான் எங்கே போவேன்?

கே: தமிழும் ஜப்பானிய மொழியும் அக்கா தங்கை என்கிறார்களே?
— தமிழ் ஆர்வலர், யாழ்ப்பாணம்

ப: பேராசிரியர் ஓனோ சுசுமு பல வருஷம் அதற்காக உழைத்தார், உங்கள் ஊர்ப் பல்கலைக்கழக அறிஞர்களும் கூட நின்றார்கள். பெண் பார்த்து ஜாதகமும் எழுதியாகிவிட்டது. பொருத்தம் பார்த்த மொழியியலாளர்களில் பெரும்பாலோர்தான் ஒப்பவில்லை.

கே: ரஜினிக்கு அங்கே எப்படி அவ்வளவு ரசிகர்கள்?
— தீவிர ரசிகர், காரைக்குடி

ப: சிங்கப்பூரில் தற்செயலாக 'முத்து' பார்த்த ஒரு ஜப்பானிய விமர்சகர் சொக்கிப்போனார். 1998-ல் டோக்கியோவின் ஷிபுயாவில் ஒரே தியேட்டரில் ஏறத்தாழ அரை வருஷம் ஓடியது. 'முத்து'வே ஒரு மலையாளப் படத்தின் மறு ஆக்கம் என்பதைச் சொன்னால் என்னை அடிக்க வருவீர்கள், அதனால் சொல்லவில்லை.

கே: எல்லாவற்றையும் இவ்வளவு பணிவாக ஏற்றுக்கொள்கிற ஜப்பானியரிடம் நாம் பாடம் கற்க வேண்டாமா?
— வாசகர், நாகர்கோவில்

ப: வேண்டாம் என்று சொல்லவில்லை. பாடத்தில் இந்தப் பக்கமும் இருக்கட்டும். 1923 செப்டம்பர் 1-ல் டோக்கியோ, யோகோஹாமாவைப் பூகம்பமும் தீயும் அழித்தன. கொரியர்கள் கிணற்றில் விஷம் கலக்கிறார்கள், தீ வைக்கிறார்கள் என்று வதந்தி கிளம்பியது. மூங்கில் ஈட்டியும் வாளும் எடுத்துக்கொண்டு தெருத்தெருவாகக் காவல் குழுக்கள் நின்றன. வருகிறவனை நிறுத்தி, '15 யென் 50 சென்' என்று ஜப்பானிய மொழியில் சொல்லச் சொன்னார்கள். கொரிய நாக்குக்கு அந்த உச்சரிப்பு எளிதில் வராது. வராதவனைக் கொன்றார்கள். கொரியர்கள் ஆயிரக்கணக்கில் செத்தார்கள், சீனர்களும் செத்தார்கள். வெளியூர்ப் பேச்சுப் பேசிய ஜப்பானிய மருந்து வியாபாரிகள் ஒன்பது பேரைக்கூட ஃபுகுதா கிராமத்தில் கொன்றார்கள். அதில் குழந்தைகளும் உண்டு. கொரியா அப்போது ஜப்பானின் பிடியில் இருந்த நாடு. செத்தவர்களில் பெரும்பாலோர் கூலி வேலைக்கு வந்தவர்கள். காவல் குழுக்களோடு போலீசும் ராணுவமும் கைகோத்த இடங்களும் உண்டு.

கே: சுமோ மல்யுத்தத்தில் மங்கோலியர்கள்தான் ஜெயிக்கிறார்களாமே? ஜப்பானியர் கோபப்படுவதில்லையா?
— கபடி பயிற்சியாளர், ராமநாதபுரம்

ப: படாமல் என்ன? ஹவாயிலிருந்து போன கொனிஷிகி மூன்று போட்டித் தொடர்களை வென்றும் யோகோசுனா என்ற உச்சப் பட்டம் கிடைக்கவில்லை. வெளிநாட்டு யோகோசுனா நமக்கு வேண்டாம் என்று 1992-ல் பத்திரிகையில் கட்டுரையே வந்தது. மறு வருஷம் இன்னொரு ஹவாய்க்காரரான அகெபோனோவுக்குக் கொடுத்துவிட்டார்கள். வேறு வழியில்லை, அவர் ஜெயித்துக்கொண்டே இருந்தார். பிறகு மங்கோலியர் காலம். ஹகுஹோ 45 தொடர்களை வென்றார், வரலாற்றில் அதுதான் உச்சம். 1998-க்குப் பிறகு ஜப்பானில் பிறந்த ஒருவர் யோகோசுனா ஆக 2017 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஒரு பயிற்சிக் கூடத்துக்கு ஒரு வெளிநாட்டவர்தான் என்று விதி வைத்திருக்கிறார்கள். ஓய்வுக்குப் பிறகு சங்கத்தில் மூத்தவராக இருக்க வேண்டுமானால் ஜப்பானியக் குடியுரிமை வேண்டும். ஹகுஹோ 2019-ல் வாங்கினார். ஒரு வேடிக்கை பாருங்கள்: குடுமியும் கச்சையும் கட்டி, களத்தில் உப்புத் தூவி, அந்தச் சடங்கையெல்லாம் ஒரு தலைமுறைக்குக் காத்துக்கொடுத்தவர்கள் இந்த வெளியாட்கள்தான்.

கே: ஜப்பானில் பிள்ளைப்பேறு குறைந்து கிழவர்கள் பெருகிவிட்டார்களாம். இனியாவது ஆட்களை உள்ளே விடுவார்களா?
— வாசகி, நாமக்கல்

ப: விட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள், பெயரைத்தான் மாற்றி வைக்கிறார்கள். 1990-ல் சட்டத்தைத் திருத்தி, பிரேசிலுக்கு 1908 முதல் குடியேறிய ஜப்பானியரின் பேரன் பேத்திகள் வரை வேலைக்கு வரலாம் என்றார்கள். ரத்தம் நம்முடையது, ஒட்டிக்கொள்வார்கள் என்ற கணக்கு. வந்தவர்கள் போர்ச்சுகீசிய மொழி பேசினார்கள், சம்பா ஆடினார்கள், கார் உதிரிபாகத் தொழிற்சாலைகளில் உழைத்தார்கள். 2008 பொருளாதாரச் சரிவு வந்ததும், ஊருக்குத் திரும்பினால் தொழிலாளி ஒருவருக்கு மூன்று லட்சம் யென் என்று 2009-ல் அரசே வழிச்செலவு கொடுத்தது. வாங்கிக்கொண்டவர் அதே விசாவில் உடனே திரும்பி வர முடியாது என்று அப்போது நிபந்தனை.

1993-ல் வந்தது 'தொழில்நுட்பப் பயிற்சி'த் திட்டம். ஏழை நாட்டு இளைஞர்களுக்குத் தொழில் கற்றுக்கொடுப்பதாகப் பெயர். முட்டைக்கோஸ் பறிப்பதிலும் மீன் அறுப்பதிலும் அப்படி என்ன தொழில்நுட்பம் என்று கேட்காதீர்கள். முதலாளி மோசமானவன் என்றாலும் வேறு இடத்துக்கு எளிதில் மாற முடியாது. தப்பி ஓடியவர்கள் ஆயிரக்கணக்கில். அதை ஒழித்து, ஓரளவு இடம் மாற அனுமதிக்கும் புதிய திட்டம் 2027-ல் தொடங்க 2024-ல் சட்டம் போட்டார்கள். 2024 முடிவில் ஜப்பானில் வசித்த வெளிநாட்டவர் சுமார் 37.7 லட்சம்; மக்கள்தொகையில் நூற்றுக்கு மூன்று பேர். இதற்கே, ஜப்பானியருக்குத்தான் முதலிடம் என்று கோஷம் போடும் கட்சிகளுக்கு ஓட்டு விழ ஆரம்பித்துவிட்டது. முதியோர் இல்லத்தில் தாத்தாவைத் தூக்கி உட்காரவைப்பது வியட்நாம் பெண். தாத்தாவின் ஓட்டு யாருக்கோ!

கே: என் மகன் டோக்கியோவில் நிஷி-கசாய் பக்கம் வேலைக்குப் போகிறான். பையில் என்ன வைத்து அனுப்ப, என்ன சொல்லி அனுப்ப?
— தாயார், சேலம்

ப: நிஷி-கசாய் என்றால் கவலையே வேண்டாம் அம்மா. இந்தியக் குடும்பங்கள் நிறைய உள்ள பகுதி. பருப்பும் அரிசியும் பக்கத்திலேயே கிடைக்கும். பச்சைக் கறிவேப்பிலையைப் பாசமாகப் பொட்டலம் கட்டி வைக்காதீர்கள். செடி, இலை, பழம் எதற்கும் தாவர நோய் ஆய்வுச் சான்றிதழ் கேட்பார்கள், இல்லையென்றால் விமான நிலையத்திலேயே பிடுங்கிக்கொள்வார்கள்.

சொல்லி அனுப்ப வேண்டியது ஒன்றே ஒன்று: குப்பை. எரிகிற குப்பைக்கு ஒரு நாள், எரியாததற்கு ஒரு நாள், பாட்டிலுக்கும் அட்டைப்பெட்டிக்கும் வேறு நாள் என்று வார்டு அலுவலகம் அட்டவணை கொடுக்கும். ராத்திரியே கொண்டுபோய் வைக்கக் கூடாது, காலையில்தான். வெளிநாட்டவர்மேல் அக்கம்பக்கத்தார் முதலில் சொல்லும் புகார் மதம், மொழி, நிறம் பற்றியதாகப் பெரும்பாலும் இருக்காது. தப்பான நாளில் வைத்த பை பற்றித்தான் இருக்கும். அட்டவணையைப் பிரிட்ஜ் கதவில் ஒட்டிவைக்கச் சொல்லுங்கள்.